பொன்னம்மை தனக்குப் பாடிய ஒப்பாரி

ஆரியசாலையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆள் பாடை கட்டுகிறவனைத் தேடிப் போவான். இரண்டாவது ஆள் பொன்னம்மையைத் தேடி வருவான். பத்தொன்பது வருஷம் இது தவறியதில்லை.

அதை அவள் தொழில் என்று சொல்ல முடியாது. தொழில் மிளகாய்க் காம்பு கிள்ளுவது. திரவியம் பிள்ளையின் மொத்தக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காலை ஏழு மணி முதல் வற்றல் மிளகாயைக் கிள்ளுவார்கள். கை எந்நேரமும் காந்தும். அந்தக் கையால் அவள் மகனின் முகத்தைத் தொட்டதே இல்லை. குழந்தை அழுதால் முழங்கையின் உட்புறத்தால் கண்ணைத் துடைத்துவிடுவாள். ஸ்ரீகண்டனுக்குச் சின்ன வயது அம்மா என்றால் நினைவுக்கு வருவது அந்த முழங்கைதான்.

சாவு விழுந்த துட்டி வீட்டு ஆள் வந்து கொட்டகை வாசலில் நின்றால், அவள் கையில் நல்லெண்ணெய் தடவிக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுவாள். முதலாளி மறுப்புச் சொல்வதில்லை. சாவுக்குக் குறுக்கே நிற்க எந்த முதலாளிக்கும் துணிச்சல் கிடையாது. நாளைக்குத் தன் வீட்டிலும் விழும்.

பிறந்தது நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டிக்குப் பக்கம். பதினைந்து வயதில் கல்யாணமாகி மாட்டு வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து திருவனந்தபுரத்துக்கு வந்தாள். கணவர் ஒரு வெல்ல மண்டியில் தராசு பிடிக்கிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் மூட்டை அடுக்கு சரிந்து அதன் அடியில் போனார். அப்போது ஸ்ரீகண்டனுக்கு ஐந்து வயது.

புருஷன் செத்தவள் பாடுவது வழக்கமில்லை. மற்றப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு பாட வேண்டும். ஆனால் செத்தவருக்கு அக்கா தங்கை கிடையாது. பொன்னம்மையின் அண்ணன்கள் கோடித் துணியோடு வந்து சேர மறுநாள் ஆகும். தெருப் பெண்கள் வந்து மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை. நடுப்பகல் வரை அந்த வீட்டில் ஈயின் சத்தம்தான் கேட்டது. பிறகு பொன்னம்மை தானே குரலை எடுத்தாள். அம்மாவிடமும் சித்திகளிடமும் கேட்டுக் கேட்டு மனசில் கிடந்தது முழுக்க வெளியே வந்தது. கணவரின் பெயரை அவள் வாய் விட்டுச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். தெருவில் மூட்டை சுமக்கிறவர்கள் நின்று அழுதார்கள்.

அதற்குப் பிறகு யார் வீட்டில் சாவு என்றாலும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்குச் சில கண்டிப்புகள் இருந்தன. உடல் வீட்டில் கிடக்க வேண்டும். உடலைத் தூக்கிய பிறகு ஒரு வரி பாடமாட்டாள். முதலில் மழையையும் வயலையும் ஆற்றையும் சொல்லி அழுவாள். அப்போது யாருக்காக அழுகிறாள் என்று வெளியாளுக்குத் தெரியாது. அடுத்துப் பிறந்த வீடு, புகுந்த வீடு. கடைசியில்தான் செத்தவரின் பெயர். அதை அவள் ‘பேர் எடுக்கிறது’ என்பாள். சுற்றி இருப்பவர்களில் ஒருவர் கண்ணாவது நனைந்தால்தான் பேர் எடுப்பாள். உலர்ந்த கண்ணுக்கு முன்னால் செத்தவரின் பெயரைச் சொன்னால் அது அவருக்கு அவமானம். பேர் எடுத்துவிட்டால் சாவு முடிந்தது. எடுக்காவிட்டால் அந்த மனிதர் அந்த வீட்டிலிருந்து போகவில்லை என்று கணக்கு.

சாலைக் கடைத்தெருவில் ஒரு எண்ணெய்க் கடைக்காரர் செத்தபோது பெரிய பாடாகப் போய்விட்டது. அவர் இருந்தபோது ஒருவருக்கும் ஒரு கரண்டி நல்லது செய்தவர் இல்லை. பெண்டாட்டி முதற்கொண்டு எல்லாரும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பொன்னம்மை மழையைப் பாடினாள், வயலைப் பாடினாள், திரும்பவும் மழைக்கு வந்தாள். பாடை தூக்க வந்தவர்களுக்குப் பசி வந்துவிட்டது.

“அக்கா, பேரை எடுத்துப் போடும். பிணம் நாறிப்போகும்” என்று கூடப் பாடிய வடிவாம்பாள் காதோடு காதாகச் சொன்னாள்.

“ஒரு கண்ணு நனையட்டும்டி.”

“இந்தச் சவத்துக்கு எவளுக்கு நனையும்?”

கடைசியில் அடுக்களையில் ஈர விறகோடு மல்லுக்கட்டிய சமையல்காரி புகை தாங்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொன்னம்மை அதைப் பார்த்தாள். அந்த மூச்சிலேயே பேர் எடுத்துவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்துக் கரமனைப் பாலம் வரை வந்து, அங்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

“உனக்கும் எனக்கும் புகை போட ஆள் வேணும் போல இருக்கே” என்றாள் வடிவாம்பாள்.

பொன்னம்மை சிரிப்பை நிறுத்திவிட்டாள். “உனக்குப் பொட்டப்பிள்ளை இருக்கு. எனக்கு ஒத்தை ஆம்பிளை. அவன் வாயைத் திறந்தா காக்கா பறந்திரும். எனக்கு யாருட்டி அழுவா?”

“நான் இல்லாமலா? நீரு முந்தினா நான் உமக்குப் பாடுகேன். நான் முந்தினா நீரு எனக்குப் பாடும்.”

பாலத்தின் மேல் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். ஸ்ரீகண்டனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது இது நடந்தது. வீட்டில் இதை வேடிக்கையாகச் சொல்லுவார்கள். அம்மாவுக்கு அது வேடிக்கை இல்லை என்று அவனுக்குப் புரிய நாள் பிடித்தது. காய்ச்சல் வந்து படுத்தால் அவள் கேட்கிற முதல் கேள்வி, “வடிவு ஊர்லதானே இருக்கா?”

ஸ்ரீகண்டன் தொழிற்கல்வி படித்தான். மின்சார இலாகாவில் வேலை கிடைத்தது. தம்பானூர்ப் பக்கம் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்று மீட்டர் முள்ளைப் பார்ப்பதும், மணிக்கு ஒரு தரம் எண்ணைக் குறிப்பதும் வேலை. அவன் சுபாவத்துக்கு ஏற்றது. பெண் பார்த்த இரண்டு இடங்களில் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. “மாமியாக்காரி எளவு வீட்டுப் பாட்டுக்காரியாமே” என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேச்சும் முறிந்தன. அம்மாவிடம் அவன் வேறு காரணம் சொன்னான். அவளுக்கு உண்மையான காரணம் தெரிந்தே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் சமூகச் சங்கம் தீர்மானம் போட்டது. செயலாளர் திரவியம் பிள்ளை. அவருக்குக் கெட்ட மனசு கிடையாது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், கல்யாணச் செலவைக் குறைக்க வேண்டும், சமூகம் முன்னுக்கு வர வேண்டும் என்று உண்மையாகவே அலைந்தவர். தீர்மானத்தின் ஐந்தாம் பிரிவு, சாவு வீட்டில் ஒப்பாரியும் மாரடியும் கூடாது. பதிகம் படிக்கலாம். மீறுகிற குடும்பத்தின் நல்லது கெட்டதுக்குச் சங்கத்தார் போகமாட்டார்கள்.

கொட்டகைக்கு வந்து அவரே நேரில் சொன்னார்.

“பொன்னம்மே, காலம் மாறிப்போச்சு. எதிர் வீட்டு வக்கீல் சிரிக்காரு. நம்ம பொம்பளைக தலைவிரி கோலமா நெஞ்சில அடிக்கது நாகரிகமா? இனி நீ போப்படாது.”

“சரி முதலாளி.”

“வருத்தப்படாதே.”

“எனக்கென்ன வருத்தம்? செத்தவங்களுக்கு இருந்தா அவங்க சொல்லட்டும்.”

மற்றப் பெண்கள் குனிந்து சிரித்தார்கள். திரவியம் பிள்ளைக்குக் காது சிவந்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஆரியசாலையில் சாவுகள் சத்தமில்லாமல் நடந்தன. யாராவது போனால் பொன்னம்மை கொட்டகையில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் கிள்ளாமல் இருப்பாள். வடிவாம்பாள் வருவாள், போவாள். சத்தியத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. வடிவாம்பாளின் மகள் விஜயலக்ஷ்மிக்கு அந்தச் சமயம் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் விலக்கி வைத்தால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. இது இருவருக்கும் தெரியும்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, இங்கிலீஷ் கணக்கில் நாற்பத்து மூன்று. யுத்தம் நடந்த வருஷம். அரிசி கிடைக்காமல் ஊரே மரச்சீனிக் கிழங்கைத் தின்றது. பொன்னம்மையின் வயிற்றில் ஒரு கட்டி. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று ஸ்ரீகண்டனைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள். அவன் மறைத்தான். அவள் தடவிப் பார்த்தே கண்டுகொண்டாள். “தேங்காய் அளவு ஆயிட்டு மக்கா. இனி அதுக்கு வளர இடம் இல்ல, நான்தான் இடத்தை விட்டுப் போகணும்” என்றாள்.

அந்த நிலையில்தான் திரவியம் பிள்ளை வீட்டுக்கே வந்தார். கூட ஒரு கண்ணாடி போட்ட ஆள். பெயர் சேஷன், காலேஜில் தமிழ் வாத்தியார், கரமனை அக்கிரகாரத்துக்காரர். ராஜ்யத்தின் பழைய பாட்டுகளையும் வழக்கங்களையும் அழியாமல் காப்பதற்கு ஒரு குழு வைத்திருக்கிறார்கள். குரலைத் தட்டில் பதிக்கிற இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். திரவியம் பிள்ளையும் அந்தக் குழுவில் அங்கத்தினர்.

“பொன்னம்மே, உன் ஒப்பாரியைத் தட்டில பிடிச்சு வைக்கணும்ங்காங்க. இதெல்லாம் நம்ம நாட்டுப் பொக்கிஷமாக்கும்” என்றார்.

ஸ்ரீகண்டன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கூசவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் இதுவும் அவருக்குள் இடிக்காமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன.

பொன்னம்மை பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். “எந்த வீட்டுல விழுந்திருக்கு முதலாளி?”

“எங்கேயும் விழல்ல. சும்மா பாடினா மதி, அதே போதும்.”

“உடல் இல்லாம எப்படிப் பாடுகது?”

சேஷன் இரண்டு கையையும் கூப்பினார். “யாரோ ஒருத்தர் போயிட்டதா நெனச்சுண்டு பாடுங்கோம்மா.”

“உயிரோட இருக்கவன் பேரைச் சொல்லி அழச் சொல்லுதேளா?”

“அப்போ செத்துப்போன யாரையாவது…”

“அவங்களுக்கு அப்பவே அழுதாச்சு. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்.”

திரவியம் பிள்ளை பொறுமை இழந்தார். “பேரே வேண்டாம். பேரில்லாம பாடேன்.”

“சக்கரம் இல்லாத வண்டியா முதலாளி?”

இருவரும் போய்விட்டார்கள்.  நான்காம் நாள் காலையில் பொன்னம்மை மகனைக் கூப்பிட்டாள்.

“அந்தத் தட்டு எத்தனை காலம் இருக்கும்?”

“பத்திரமா வச்சா நூறு வருஷம் இருக்கும்.”

“எனக்க குரல்தானே கேக்கும்? வேற எவளும் பாடின மாதிரி இருக்காதே?”

“உங்க குரலேதான்.”

“வாத்தியாரை வரச் சொல்லு. உடல் கிடைச்சாச்சு.”

அவன் விளங்காமல் நின்றான். அவள் தன் வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். “இந்தா இருக்கே. இது போகப்போற உடல்தான். இதுக்கு யாரும் அழப்போறதில்லை. நானே அழுதுட்டுப் போறேன்.”

“அம்மா, அது அபசகுனம்.”

“போறவளுக்கு என்னலே சகுனம்?”

மாசி மாதம் பத்தொன்பதாம் தேதி. பதிவு நடந்தது ஒரு பழைய பங்களாவில். அந்த வீட்டில் மின்சாரம் ஏறி இறங்கும். இறங்கினால் தட்டு சுற்றும் வேகம் குறையும், குரல் இழுக்கும். அதற்காக இலாகாவில் ஆள் கேட்டார்கள். ஸ்ரீகண்டன் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். தாழ்வாரத்தில் ஒரு மேஜை, அதன் மேல் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டுகிற இரண்டு மீட்டர், கையால் திருகுகிற ஒரு மின்தடை. இருநூற்று முப்பது வோல்ட்டில் முள்ளை நிறுத்துவது அவன் பொறுப்பு. ஜன்னல் வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது.

ஒரு பக்கம் அரக்குப் பூசிய வெற்றுத் தட்டுகள் யுத்தத்தால் வருவதில்லை. மிச்சம் இருந்தது மூன்று. அதில் ஒன்று பொன்னம்மைக்கு. மற்ற இரண்டும் வேறு இரண்டு பாட்டுகளுக்கு. ஒரு தட்டில் நாலு நிமிஷம் பிடிக்கும். சேஷனுக்கு இது தெரியும். இயந்திரத்தை ஓட்ட மதராஸிலிருந்து வந்தவனுக்குத் தெரியும். ஸ்ரீகண்டனுக்கும் தெரியும்.

பத்து நாற்பத்திரண்டுக்குத் தட்டு சுற்றத் தொடங்கியது. ஆம்பியர் முள் எழுந்து நின்றது. பொன்னம்மை குரலை எடுத்தாள்.

வடக்கே மழை இருட்ட
வாய்க்காலில் தண்ணி வர
வந்த தண்ணி வடியும் முன்னே
வழி மறந்து போனவளே

மூன்று வருஷம் பாடாத தொண்டை. முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. அவள் மழையை முடித்து வயலுக்கு வந்தாள். நடுவே தலையைத் திருப்பி அறையில் இருந்தவர்களின் கண்களைப் பார்த்தாள். சேஷன் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். திரவியம் பிள்ளை கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் உலர்ந்திருந்தன. அவள் மீண்டும் மழைக்குப் போனாள்.

பத்து நாற்பத்தாறுக்கு ஆம்பியர் முள் கீழே விழுந்தது.

ஸ்ரீகண்டனுக்கு அதன் பொருள் உடனே தெரிந்தது. வெட்டும் ஊசியைத் தூக்கிவிட்டார்கள். தட்டு நின்றுவிட்டது. கைப்பழக்கத்தில் நேரத்தைக் குறித்தான். உள்ளே இயந்திரக்காரன் எழுந்து ஏதோ சொல்லப் போனான். சேஷன் உதட்டில் விரலை வைத்து அவனை உட்காரச் சொன்னார். பாடுகிறவளை நடுவில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

பொன்னம்மை பாடிக்கொண்டே இருந்தாள். பூதப்பாண்டியைப் பாடினாள், அண்ணன்மாரைப் பாடினாள். இரண்டு நாள் மாட்டு வண்டியைப் பாடினாள். சரிந்த மூட்டைகளைப் பாடினாள். சேஷனின் பேனா எப்போதோ நின்றுபோயிருந்தது. பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, திரவியம் பிள்ளை காலைக் கீழே இறக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. போன வருஷம்தான் அவர் தாயார் பதிகத்தோடு போயிருந்தாள்.

பொன்னம்மை அதைப் பார்த்தாள். பேர் எடுத்தாள்.

ஆரியசாலைத் தெருவில்
காம்பு கிள்ளும் பொன்னம்மா
காந்தும் கை ஆறும் முன்னே
கண்ணடைச்சாய் பொன்னம்மா

தாழ்வாரத்தில் முள் அசையாமல் கீழே கிடந்தது.

வெளியே வரும்போது அவளால் நிற்க முடியவில்லை. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வேர்த்து ஊற்றியது. ஆனால் அப்படி ஒரு முகத்தை அவன் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

“எல்லாம் ஏறிச்சா மக்கா?”

“ஏறிச்சும்மா.”

“பேரும்?”

“பேரும் ஏறிச்சு.”

இன்னொரு தட்டு வாங்கி மறுபடி பதிய வைத்துவிடலாம் என்று அந்த நொடியில் நினைத்தான். பொய்யை உண்மையாக்க நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டான். அன்று மாலையே சேஷனிடம் போனான்.

“நாலு நிமிஷமும் சுத்தமா விழுந்திருக்கு! கேட்டா நீங்களே அசந்து போயிடுவேள்” என்றார் சேஷன்.

“பேர் எடுத்தது விழல்ல சார்.”

“மீதியை எழுதிக்கலாம்னுதான் பார்த்தேன். கை ஓடலை. மன்னிக்கணும். அடுத்த கப்பல்ல தட்டு வந்ததும் முதல் தட்டு உங்க அம்மாவுக்குத்தான். நான் வாக்குத் தரேன்.”

கப்பல் வரவில்லை. சித்திரையில் ஒரு நாள் ஸ்ரீகண்டன் வேலை முடிந்து வந்தபோது வடிவாம்பாள் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். விஜயலக்ஷ்மிக்கு ஆவணியில் முகூர்த்தம் என்று சொல்ல வந்திருந்தாள். அவன் அடுக்களையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் காதில் விழுந்தது.

“வடிவு, கையைத் தா.”

“என்னத்துக்கு அக்கா?”

“அன்னைக்குப் பாலத்துல அடிச்ச சத்தியத்தை நான் எடுத்துக்கிட்டேன். நீ எனக்குப் பாடாண்டாம்.”

“ஏன்? நான் சங்கத்துக்குப் பயந்தவ இல்ல.”

“நீ பயப்படாண்டாம். உனக்க மவ பயப்படணும். எனக்கு நானே பாடியாச்சு. பேரும் எடுத்தாச்சு. மிசினுக்குள்ள பத்திரமா இருக்கு, எனக்க மோன்தான் கரண்டு பிடிச்சான். ரெண்டு தடவை பேர் எடுத்தா நான் போன பாதையில திரும்பி வந்து நிப்பேன். பாடமாட்டேன்னு கையில அடி.”

அடிக்கிற சத்தம் கேட்டது. வடிவாம்பாள் அழுதாள். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. ஸ்ரீகண்டன் அடுக்களை வாசலுக்கு வந்தான். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அதை அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். அம்மாவின் முகத்தில் அந்த மாசி மாதத்து நிம்மதி இன்னும் மிச்சம் இருந்தது.

“உப்புப் போட்டுக் கொண்டுவரவா?” என்று கேட்டான்.

வைகாசி எட்டாம் தேதி காலையில் பொன்னம்மை போனாள். ஐம்பது வயது.

உடல் வீட்டில் ஆறு மணி நேரம் கிடந்தது. பங்கு அரிசியிலிருந்து வாய்க்கரிசிக்கு ஒரு பிடி ஒதுக்கினார்கள். கொட்டகைப் பெண்கள் ஏழு பேரும் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். பூதப்பாண்டியிலிருந்து கோடி வந்தது. திரவியம் பிள்ளை ஆள் விட்டுப் பாடை கட்டச் செய்தார். பதிகம் படிக்க ஒருவரை அவரே கூட்டிவந்தார். பதிகக்காரருக்கு இருமல். நடுவில் நிறுத்தி வெந்நீர் கேட்டார்.

வடிவாம்பாள் உடலின் தலைமாட்டில் இருந்தாள். இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்திருந்தாள்.  தெருப் பெண் ஒருத்தி கேட்டாள், “என்ன வடிவு, உனக்க அக்காவுக்குக் கூட வாய் திறக்கல்லியா?”

“திறக்கப்படாது. கையில அடிச்சு வாங்கிட்டா. அவளுக்கு அவளே பாடி மிசினுல வச்சிருக்கா” என்றாள் வடிவாம்பாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமை இருந்தது.

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போகிறபோது சொல்லலாம் என்று நினைத்தான். குளிப்பாட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தான். சொன்னால் வடிவாம்பாள் பாடுவாள். பாடினால் திரவியம் பிள்ளை எழுந்து போக வேண்டும், அவர் பின்னால் பாடை தூக்குகிறவர்களும் போக வேண்டும், ஆவணிக் கல்யாணம் நிற்க வேண்டும். இதையெல்லாம் அவன் சரியாக எண்ணிப் பார்த்தான். இதைத் தவிர, தான் சொன்ன பொய் இத்தனை பேருக்கு முன்னால் தெரிய வேண்டும். அதையும் எண்ணினான். இரண்டில் எது கனம் கூடியது என்று அப்போது அவன் தன்னையே கேட்கவில்லை.

இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். அவளுக்காக அந்த வீட்டில் ஒருவரும் பேர் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து இலை போட்டார்கள். ஆண்கள் சாப்பிட்டுப் போன பிறகு வடிவாம்பாளை அடுக்களைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்து ஸ்ரீகண்டனே பரிமாறினான். மரச்சீனியும் குழம்பும், நடுவில் கொஞ்சம் சோறு. அவள் சோற்றைப் பிசையத் தொடங்கியபோது சொல்லிவிட்டான். ஆம்பியர் முள்ளைச் சொன்னான். நாலு நிமிஷத்தைச் சொன்னான். தாழ்வாரத்தில் அம்மா கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னான்.

வடிவாம்பாளின் கை இலையில் நின்றது.

“பேரு இல்லியா?”

“இல்ல சித்தி. மழையும் வயலும்தான் இருக்கு.”

“எளவு வீட்டுல நான் தலைமாட்டுல இருந்தேனே லே. அப்பம் சொல்லியிருக்கலாமே.”

“இப்போ பாடுங்க சித்தி. கதவைச் சாத்திடுறேன். வெளியில கேக்காது. யாருக்கும் தெரியாது.”

“எதைப் பாத்துப் பாடுகது? தரையையா?” அவள் குரலை உயர்த்தவில்லை. “உடல் போயாச்சு. இனி அழுதா வெறும் சத்தம்தான்.”

அவன் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தான். 

“தட்டு நாலு நிமிஷம்னு உனக்கு எப்பம் தெரியும்?”

“முதல்லயே தெரியும்.”

“வாத்தியாருக்கு?”

“தெரியும்.”

“அவளுக்கு யாரு சொன்னா?”

 பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் என்று அவன் நினைத்திருந்தான். வோல்ட் பார்க்கிறவன் பாடுகிறவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தான். சேஷன் என்ன நினைத்தாரோ தெரியாது.

“காலரா வந்த வருஷம் பொணம் ஏத்த முனிசிபாலிட்டி வண்டி வாசல்ல நிக்கும்” என்றாள் வடிவாம்பாள். “ரெண்டு நிமிஷம் தருவான், அதுக்கு மேல நிக்கமாட்டான். அப்பமெல்லாம் அவ மழையும் பாடல்ல, வயலும் பாடல்ல. கண்ணு நனையதுக்கும் காத்துக்கிடல்ல. எடுத்த எடுப்பிலே பேரைத்தான் எடுத்தா. ஒருநாள் ஒன்பது பேருக்கு எடுத்தா. நேரம் இல்லேன்னு ஒரு வாக்கு சொன்னா மதி, அவளுக்குத் தெரியும்.”

பிசைந்த சோற்றை அவள் வாயில் வைக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து, கையைக் கழுவாமலே வாசலுக்குப் போனாள்.